லயத்துக்குப் பின்னால் ஒரு டர்னிப் பாத்தி

இந்த முறை டர்னிப் பற்றி எழுதுகிறோம். "நோக்கோல்தானே?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அது வேறு, இது வேறு. நோக்கோலில் தண்டு வீங்கி மண்ணுக்கு மேலே பந்து மாதிரி நிற்கும். டர்னிப் மண்ணுக்குள்ளே உருண்டு, தோள் மட்டும் வெளியே தெரியும். வெயில் படும் அந்தத் தோள் கத்தரிப்பூ நிறம், மண்ணுக்குள் இருப்பது வெள்ளை. இலை முள்ளங்கி இலை போலச் சொரசொரப்பாக இருக்கும்.

இதை எழுத நினைத்தது தோட்டத்தில் இல்லை, வெள்ளவத்தைச் சந்தையில். இரண்டு நாள் பயிற்சி ஒன்றுக்காகக் கொழும்புக்குப் போயிருந்தோம். தங்கியது கொட்டாஞ்சேனையில், நம்முடைய டிவிசன் பிள்ளைகள் நாலுபேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கும் அறையில். அதில் ஒரு பையனுக்கு வெள்ளவத்தையில் புடவைக் கடையில் வேலை. பின்னேரம் அவனோடு சந்தைக்குப் போனபோது, கரட், லீக்ஸ், பீட்ரூட்டுக்குப் பக்கத்தில் டர்னிப் அடுக்கி இருந்தது. பையன் ஒன்றைக் கையில் எடுத்து விலை கேட்டான். கேட்டுவிட்டுப் பேசாமல் திருப்பி வைத்தான். கொஞ்சத்தூரம் நடந்த பிறகுதான் சொன்னான்: "சேர், இது வீட்டில பின்னால கிடக்கும். பெருத்துப்போனா அம்மா மாட்டுக்குப் போடுவாங்க."

அவன் இன்னொன்றும் சொன்னான். போன வருசம் ஊருக்கு வந்து திரும்பும்போது ஒரு பக்கற் விதையை எடுத்துப்போய், கொட்டாஞ்சேனை வீட்டு மொட்டை மாடியில் உரப்பையில் மண் நிரப்பிப் போட்டிருக்கிறான். இலை நன்றாக வந்ததாம். இரண்டு மாதம் கழித்துப் பிடுங்கினால் கீழே விரல் தடிப்பில் ஒரு வேர், அதுவும் நார். "மண் சரியில்ல போல" என்றான்.

மண்ணில் குற்றமில்லை. குற்றம் சூட்டில்.

ஒரு செடி பகலில் வெயிலை வைத்து இலையில் சாப்பாடு தயாரிக்கிறது. இரவில் அதில் ஒரு பகுதியை மூச்சுவிடுவதற்கே செலவழிக்கிறது. இரவு எவ்வளவு சூடோ, செலவும் அவ்வளவு. மிச்சம் பிடிப்பதைத்தான் கிழங்கில் சேர்த்து வைக்கும். நம் கணக்கில் சொன்னால், கொழும்பில் நிற்கும் டர்னிப் உழைப்பதையெல்லாம் அன்றன்றே செலவழித்துவிடுகிற ஆள். மலையில் நிற்கும் டர்னிப் மாதாமாதம் சீட்டுக் கட்டுகிற ஆள். கொழும்பில் வருசம் முழுக்கச் சராசரி வெப்பம் 27, 28 பாகை செல்சியஸ். நுவரெலியாவில் 16 பாகை அளவு. டர்னிப்புக்குப் பிடித்தது 10 இலிருந்து 20 பாகை வரை. ஆகவே நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன், வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்துக் குடும்பங்கள் தைரியமாகப் போடலாம். இரத்தினபுரி, கேகாலை, காலிப் பக்கத்துத் தாழ்நிலத் தோட்டங்களில் இருப்பவர்களும், கொழும்பில் இருக்கும் பிள்ளைகளும் டர்னிப்பை விட்டுவிட்டு முள்ளங்கி போடுவது நல்லது. விவசாயத் திணைக்களத்தின் இனங்களில் 'பீரளு' ராபு தாழ்நிலச் சூட்டைத் தாங்கும். அந்தப் பையனுக்கும் அதைத்தான் சொன்னோம்.

இந்தக் கிழங்கு நம் நாட்டுக்கு வெள்ளைக்காரரோடு வந்தது. 1848 இல் சாமுவேல் பேக்கர் என்பவர் நுவரெலியாவில் இங்கிலாந்து முறையில் ஒரு பண்ணை தொடங்கி, 1855 வரை இருந்து பார்த்தார். எரு போடாமல் இந்த மலை மண் ஒன்றும் தராது என்பதை அவரும் பட்டுத்தான் தெரிந்துகொண்டார். அந்தப் பக்கம் நீலகிரியிலும் இதே கதைதான். 1964 ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் போன நம் சொந்தக்காரர் பலர் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் தேயிலையில்தான் வேலைக்குச் சேர்ந்தார்கள். அங்கே டர்னிப், கரட், பீட்ரூட் எல்லாம் மலையில் விளைந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறது. கடிதத்தில் கேட்டுப் பாருங்கள், அவர்களிடமும் நல்ல யோசனை இருக்கும்.

மாட்டுக்குப் போடுவதைப் பற்றி அந்தப் பையன் கொஞ்சம் வெட்கப்பட்டான். வெட்கப்பட ஒன்றுமில்லை. 18 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் டவுன்செண்ட் பிரபு என்று ஒருவர் இருந்தார். கோதுமை, அடுத்து டர்னிப், அடுத்து பார்லி, அடுத்து குளோவர்ப் புல் என்று நிலத்தை மாற்றி மாற்றிப் பயிரிடும் முறையை ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததால், 'டர்னிப் டவுன்செண்ட்' என்றே அவருக்குப் பட்டப்பெயர் வந்தது. பனிக்காலத்தில் ஆடுமாடு பிழைத்தது அந்த டர்னிப்பால்தான். மனிதரும் பிழைத்திருக்கிறார்கள். முதலாம் உலகப் போரின்போது, 1916-17 பனிக்காலத்தில் ஜேர்மனியில் உருளைக்கிழங்கு அழிந்துபோக, டர்னிப்பின் ஒன்றுவிட்ட சகோதரமான ஒரு பெரிய கிழங்கைத்தான் ஜனங்கள் காலை, பகல், இரவு என்று தின்றார்கள். அந்தக் காலத்துக்கு அங்கே இன்றும் அந்தக் கிழங்கின் பெயர்தான். பசி என்றால் என்னவென்று நம்முடைய பெரியவர்களுக்கும் தெரியும். 1973, 74 இல் மாவும் அரிசியும் இல்லாமல் தோட்டங்களில் எத்தனை வீட்டில் சாவு விழுந்தது என்பதைக் கேட்டால் சொல்வார்கள்.

நாம் செய்த ஒரு பிழை

மண்ணைப் பற்றிச் சொல்வதற்கு முன் நம்முடைய பிழை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்.

சில வருசங்களுக்கு முன் ஒரு லயத்தில் ஓர் அக்கா நம்மைக் கூப்பிட்டுத் தன் பாத்தியைக் காட்டினார். கோவா, நோக்கோல், டர்னிப் மூன்றும் போட்டிருந்தார். உச்சிவெயிலில் இலை துவண்டு, பின்னேரம் நிமிரும். வளர்ச்சி இல்லை. நாம் பார்த்துவிட்டு, "சத்து பத்தாது அக்கா, கொஞ்சம் உரம் போடுங்க" என்று சொல்லி வந்துவிட்டோம். அவர் காசு கொடுத்து உரம் வாங்கி இரண்டு தரம் போட்டார். ஒரு மாதம் கழித்துப் போனபோது செடிகளைப் பிடுங்கி வாசலில் குவித்து வைத்திருந்தார். வேரைப் பார்த்ததும் நமக்கு முகம் சுருங்கிவிட்டது. டர்னிப் உருளவே இல்லை. வேரெல்லாம் இஞ்சிக்கிழங்கு மாதிரி, வீங்கின விரல் மாதிரி முண்டும் முடிச்சுமாக இருந்தது. "நீங்க சொன்னீங்கன்னுதான் சேர் உரம் வாங்கினேன்" என்று மட்டும் சொன்னார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

அது வேர் வீங்கும் நோய். மண்ணில் இருக்கும் ஒரு கிருமி வேருக்குள் புகுந்து அதை வீங்க வைக்கிறது. வீங்கின வேரால் தண்ணீர் இழுக்க முடியாது. அதனால்தான் ஈர மண்ணில் நின்றும் வெயிலில் இலை துவளுகிறது. கோவா, நோக்கோல், முள்ளங்கி, டர்னிப், கடுகு எல்லாம் ஒரே குடும்பம் என்பதால் எல்லாவற்றிலும் வரும். வந்த மண்ணில் அந்தக் கிருமி பத்து வருசத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். உரம் போட்டால் தீராது. அன்று வேரைப் பிடுங்கிப் பார்க்காமல் வாயால் வைத்தியம் சொன்னோம். செடி துவண்டால் முதலில் ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள்.

இந்த நோய்க்குப் பிடித்தது புளிப்பு மண். நம் மலையில் இருப்பதே புளிப்பு மண்தான். மண்ணின் புளிப்பை அளக்க ஓர் அளவுகோல் உண்டு. அதில் 7 என்றால் புளிப்பும் இல்லை, காரமும் இல்லை. எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும். தேயிலைக்கு 4.5 இலிருந்து 5.5 வரை பொருத்தம். டர்னிப்புக்கு 6 இலிருந்து 7 வரை வேண்டும். அதாவது கொழுந்து நன்றாக வரும் மண்ணில் டர்னிப் சுகப்படாது. லயத்துக்குப் பின்னால் இருக்கிற துண்டு நிலமும் ஒரு காலத்தில் தேயிலை நின்ற நிலமாகத்தான் இருக்கும்.

புளிப்பைக் குறைக்க டொலமைட் போட வேண்டும். கவ்வாத்து வெட்டின மலைக்குப் போடுவார்களே, அதே வெள்ளைத் தூள். ஒரு சதுர மீற்றருக்கு 200 கிராம், கிட்டத்தட்ட நாலைந்து கைப்பிடி, விதைக்கிறதுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு முன் தூவி, முள்ளால் கிளறி மண்ணோடு கலந்துவிடுங்கள். கமநல சேவை நிலையத்தில் மண்ணைக் கொடுத்துப் பரிசோதிக்க வழியிருந்தால் அவர்கள் சொல்லும் அளவே சரி. கூடப் போட்டால் கூட நல்லது என்று நினைக்க வேண்டாம். அளவு மீறினால் போரன் என்ற சத்து செடிக்குக் கிடைக்காமல் போய், கிழங்கின் நடு பழுப்பாகிக் கசக்கும். தோட்டத்து ஸ்டோரிலிருந்து எடுப்பதென்றால் கேட்டு எடுங்கள். நூறு ரூபாய்த் தூளுக்காக ஒரு நல்ல மனிதர் பிரட்டில் தலைகுனிந்து நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம்.

டொலமைட் கிடைக்காதவர்களுக்கு அடுப்புச் சாம்பல் இருக்கிறது. மிலார் விறகு எரித்த சாம்பல் மிக நல்லது, புளிப்பையும் குறைக்கும், கிழங்குக்கு வேண்டிய பொட்டாசியமும் அதில் உண்டு. மழை படாமல் ஒரு வாளியில் சேர்த்து வையுங்கள். பொலித்தீன், பெயின்ட் அடித்த பலகை எரித்த சாம்பல் வேண்டாம்.

விதைக்கிற விதம்

ஏழு பேர்ச் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் வசதி உண்டு. லயத்தில் இருப்பவர்களுக்கு ஒரு மீற்றர் அகலம், மூன்று மீற்றர் நீளத்தில் ஒரு பாத்தி போதும். பாத்தி சரிவுக்குக் குறுக்கே இருக்க வேண்டும், மேலிருந்து கீழாக அல்ல. ஒன்று முக்கியம்: இடம் கிடைக்க வேண்டும் என்று லயத்துக்குப் பின்னால் நிற்கும் மண்மேட்டை வெட்டாதீர்கள், கானை அடைக்காதீர்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் மழையில் மலையகத்தில் மண் சரிந்து வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மேட்டை வெட்டித்தான் பாத்தி கிடைக்கும் என்றால் அந்தப் பாத்தி வேண்டாம், உரப்பையில் போடுவோம்.

மண்ணை ஒரு முழம் ஆழத்துக்குக் கிளறி, கல்லைப் பொறுக்கி விடுங்கள். கல் இருந்தால் கிழங்கு இரண்டாகப் பிளந்து வரும். எரு நன்றாக மக்கினதாக இருக்க வேண்டும். பச்சைச் சாணி கூடாது. கொழுந்துக்குப் போடும் உரமும் இதற்குச் சரிவராது. அது இலை வளர்க்கிற உரம். தேயிலையில் நமக்கு வேண்டியது இலை, இங்கே வேண்டியது கிழங்கு. அதைப் போட்டால் இலை முழங்கால் உயரம் வரும், கீழே ஒன்றும் இராது. 2021 மே மாதம் இரசாயன உரத்தை நிறுத்தி, நவம்பரில் திரும்ப விட்டார்கள் அல்லவா? அந்த மாதங்களில் நாம் பார்த்த லயங்களில் மாட்டுப்பட்டி வைத்திருந்த வீடுகளின் பாத்திகள்தான் பச்சையாக இருந்தன.

விதை கடுகு மாதிரிச் சின்னது. இங்கே விற்கும் பக்கற்றுகளில் அதிகமாகக் காண்பது மேலே கத்தரிப்பூ நிறமும் கீழே வெள்ளையுமான உருண்டை இனம். பக்கற்றில் போட்டிருக்கும் திகதியைப் பாருங்கள். பழைய விதை என்று சந்தேகம் இருந்தால், இருபது விதையை ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். ஒரு கிழமைக்குள் பதினைந்தாவது முளைத்தால் விதைக்கலாம்.

நாற்று மேடை போட்டுப் பிடுங்கி நடுவது இதற்கு ஆகாது, வேர் கோணிவிடும். பாத்தியிலேயே ஓர் அடி இடைவெளியில் கோடு கீறி, ஒரு சென்றிமீற்றர் ஆழத்தில் விதையைத் தூவி, மெல்ல மண் மூடுங்கள். கூடுதல் மழைக்காலத்தில் விதைத்தால் விதை கானில்தான் முளைக்கும். ஹட்டன் பக்கத்தில் ஆனி, ஆடி மழையை விட்டுவிட்டுத் தை கடைசியிலிருந்து பங்குனி வரை போடுவது நமக்குச் சரிவந்திருக்கிறது. ஊவாப் பக்கத்தில் மழைக்கணக்கு வேறு, அங்கே மார்கழி மழை ஓய்ந்தபிறகு போடுங்கள். நுவரெலியாவில் தை, மாசியில் விழும் உறைபனிக்குப் பயப்பட வேண்டாம். உருளைக்கிழங்கு கருகும், டர்னிப் இலேசான பனியைத் தாங்கிக்கொள்ளும். பனி பட்டால் இனிப்பும் கூடும்.

நாலு நாளிலிருந்து ஒரு கிழமைக்குள் முளை வரும். மூன்று நாலு இலை வந்ததும் கலைத்துவிட வேண்டும். அம்மாமார் மனம் வராமல் விட்டுவிடுவது இந்த வேலையைத்தான். "முளைச்சதைப் பிடுங்குறதா சேர்?" என்று கேட்பார்கள். ஐந்து பிள்ளைகளை ஒரு கட்டிலில் போட்டால் ஒன்றும் தூங்காது. ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் நாலிலிருந்து ஆறு அங்குலம் விட்டு மற்றதைப் பிடுங்குங்கள். பிடுங்கினது வீணில்லை, அன்றைக்குக் கீரை. மண் காயாமல் ஒரே சீராகத் தண்ணீர் விட வேண்டும். ஒரு கிழமை காயவிட்டு அடுத்த நாள் பீலித் தண்ணீரைத் திறந்துவிட்டால் கிழங்கு வெடிக்கும்.

பூச்சியில் தொல்லை தருவது இலையில் குண்டூசி ஓட்டை போடும் சின்னத் தெள்ளு வண்டும், பச்சைப் புழுவும், இரவில் தண்டை அறுக்கும் வெட்டுப்புழுவும். காலையில் போய்க் கையால் பொறுக்குங்கள், மூன்று மீற்றர்ப் பாத்திக்கு அது போதும். மலைக்கு அடிக்கிற மருந்தை வீட்டுப் பாத்திக்குக் கொண்டுவர வேண்டாம். கீரை இன்றைக்கு அடித்து நாளைக்குச் சாப்பிடுகிற பொருள். புல்லு மருந்து வந்த வெறும் கேனில் தண்ணீர் எடுத்துப் பாத்திக்கு விடுவதையும் பல லயங்களில் பார்க்கிறோம். எத்தனை தரம் கழுவினாலும் அந்தக் கேன் தண்ணீருக்கு ஆகாது, குடிக்கவும் ஆகாது, ஊற்றவும் ஆகாது. பன்றிக்கும் முள்ளம்பன்றிக்கும் நம்மிடம் நல்ல மருந்து இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில், நாய் படுக்கிற இடத்துக்கு அருகில் பாத்தி போட்டால் கொஞ்சம் தப்பும்.

ஓர் அறுவடை எடுத்த பாத்தியில் அடுத்து அதே குடும்பத்துப் பயிரைப் போடாதீர்கள். போஞ்சி, உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ் என்று மாற்றுங்கள். வேர் வீங்கும் நோய் வந்த பாத்தியென்றால் அந்தக் குடும்பத்தையே மறந்துவிடுங்கள். வீங்கின வேரைக் குப்பைக் குழியில் போடாமல் காயவைத்து எரித்துவிட வேண்டும். முள்ளையும் மம்பட்டியையும் கழுவாமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தால் நோயும் மண்ணோடு போகும். வெளியில் வாங்கும் கோவா நாற்றின் வேரையும் பார்த்து வாங்குங்கள்.

எப்போது பிடுங்குவது, எப்படிச் சமைப்பது

45 இலிருந்து 60 நாளுக்குள் பிடுங்கிவிட வேண்டும். கோழிமுட்டையை விடக் கொஞ்சம் பெரிது, பிள்ளையின் கைமுட்டி அளவு, அதுதான் பதம். இன்னும் பெருக்கட்டும் என்று விட்டால் நார் பாய்ந்து மாட்டுக்குத்தான் போகும். அந்தப் பையனின் வீட்டிலும் நடந்தது அதுவாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்து, ஒரே நாளில் விளைந்து, தின்று முடிக்க முடியாமல் போகிறது. இரண்டு கிழமைக்கு ஒரு கோடாக விதைத்தால் வாரம் ஒரு கறிக்குச் சரியாக வரும்.

கிழங்கில் தண்ணீர்தான் அதிகம். 100 கிராமில் 28 கலோரி அளவு மட்டுமே, ஆகவே சோற்றுக்கும் ரொட்டிக்கும் பதிலாகாது. ஆனால் விற்றமின் சி உண்டு. உண்மையான சத்து இலையில். கண்ணுக்கு வேண்டிய விற்றமின் ஏ, எலும்புக்குக் கல்சியம், கர்ப்பிணிகளுக்கு வேண்டிய போலிக் அமிலம், கொஞ்சம் இரும்பு எல்லாம் இலையில் இருக்கிறது. சந்தைக்கு வரும் டர்னிப்பில் இலை வாடிப்போகும் என்று வெட்டிவிடுகிறார்கள். வெள்ளவத்தைக்காரர் விலை கொடுத்தும் வாங்க முடியாத பாதி நம் வீட்டில் சும்மா கிடக்கிறது.

இலையைப் பொடியாக அரிந்து, வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டுங்கள். வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்துக் கடைகளில் இதை வறை என்பார்கள். கடைசியில் தேசிக்காய் பிழிந்தால் இரும்புச் சத்து உடம்பில் நன்றாகப் பிடிக்கும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் அந்தச் சத்தை அது தடுத்துவிடும். நாளெல்லாம் கொழுந்தெடுக்கும் நம் பெண்களில் இரத்தம் குறைந்தவர்கள் எத்தனை பேர் என்று மருத்துவமாதுகளுக்குத் தெரியும். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை, ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். கிழங்கைத் தோல் சீவிப் பருப்போடு அவிக்கலாம், தேங்காய்ப்பால் விட்டு வெள்ளைக்கறியும் வைக்கலாம். இலேசான கசப்பு பிடிக்காத பிள்ளைகளுக்கு ஒரு கொதி வந்ததும் முதல் தண்ணீரை வடித்துவிட்டுச் சமையுங்கள்.

கொழும்பிலிருக்கும் பிள்ளைக்கு அனுப்புகிறவர்கள் கிழங்கைக் கழுவ வேண்டாம். ஈரம் பட்டால் வழியிலேயே அழுகும். இலையை இரண்டு அங்குலம் விட்டு வெட்டி, மண்ணைத் தட்டிவிட்டுச் சாக்குப்பையில் கட்டுங்கள். வெட்டின இலையை அன்றைக்கே வீட்டில் சுண்டிவிடுங்கள். கொட்டாஞ்சேனைப் பையனின் அம்மா இப்போது அப்படித்தான் ஹட்டன் பஸ்ஸில் போட்டுவிடுகிறார். நாலு பையன்களும் மாறி மாறிப் போய்க் கோட்டையில் இறக்கிக்கொள்கிறார்களாம்.